மைக் செட் மேசையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மிருதங்கத்தைப் பற்றியவை. மார்கழி நெருங்குகிறது அல்லவா! அதனால் முதல் கேள்விக்கே அதிக இடம் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கோயில் திருவிழாக் கச்சேரிகளுக்கு மைக் செட் போடுகிறேன். பாட்டும் வயலினும் நன்றாக வந்துவிடுகின்றன. மிருதங்கம் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. வித்வானும் "தொப்பி கேக்கலையே" என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். ஈக்யூவில் எந்த இடத்தை ஏற்ற வேண்டும்?
ஒலி அமைப்பாளர், மயிலாடுதுறை

பதில்: ஈக்யூ என்பது தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி. அதில் எதையும் ஏற்ற வேண்டாம். மேசையை விட்டு எழுந்து மேடைக்குப் போங்கள். வித்வான் சுருதி சேர்க்கும்போது மூன்றடி தள்ளி உட்கார்ந்து வெறும் காதால் கேளுங்கள். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தில், ரவையைக் குழைத்து அப்புவார், தட்டிப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் அப்புவார். ஒவ்வொரு முறையும் தொப்பியின் ஒலி கீழே இறங்குவது தெரியும். இன்றைக்கு அவர் எவ்வளவு ரவை வைத்தாரோ அதுதான் இன்றைய தொப்பி. நேற்று வேறொரு வித்வானுக்கு வைத்த ஈக்யூ இதற்கு எப்படிப் பொருந்தும்?

வலது முகமான வலந்தலையின் நடுவில் இருக்கிற கறுப்புப் பூச்சையும் கவனியுங்கள், சாதம் என்பார்கள். சாதாரணத் தோலைத் தட்டினால் வரும் மேல் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால்தான் பல கொட்டுகளில் சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்தில் அந்தச் சாதத்தின் எடை மேல் ஒலிகளை இழுத்து, அடிப்படை ஒலியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரிசையில் நிறுத்துகிறது. சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மிருதங்கம் செய்தவர் தன் கையாலேயே ஈக்யூ போட்டு அனுப்பியிருக்கிறார் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அதைக் கெடுக்காமல் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

இப்போது உங்கள் அட்டைப்பெட்டிக்கு வருவோம். மைக் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான மேடைகளில் நான் பார்ப்பது, தொப்பியின் நடுமையத்தை நோக்கி நாலு விரல் தூரத்தில் ஒரு மைக். அவ்வளவு கிட்டத்தில் ஒருதிசை மைக் தாழ்ந்த ஒலியை இயல்புக்கு மீறி ஊதிப் பெருக்கும். தோலின் நடுவில் வரும் 'தொம்' மட்டும்தான் அதற்குக் கிடைக்கும், அதற்கப்புறம் விரியும் கும்காரம் கிடைக்காது. மைக்கை ஒரு சாண் பின்னால் இழுங்கள். கொஞ்சம் மேலிருந்து, மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே பார்க்கட்டும். வலந்தலைக்கு வைக்கும் மைக்கை அவர் உள்ளங்கை மறைக்காத பக்கத்தில் வையுங்கள். மீட்டு என்ற விரலடி ஒலிக்கும் விளிம்பை அது பார்க்க வேண்டும். இரண்டையும் திறந்து, ஒன்றில் மட்டும் போலாரிட்டி பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அழுத்தியும் எடுத்தும் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பி நிறைவாக வருகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். பல நாள் இந்த ஒரு பொத்தானே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஈக்யூ. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, டெசிபல் என்பது ஒலியின் பலம். ஈக்யூவில் வெறும் எண்ணாக நான் சொல்வதெல்லாம் ஹெர்ட்ஸ். தொப்பி மைக்கில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 300 முதல் 450 வரை அகலமாக 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள், அட்டைப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. சாப்பு என்ற அடி கடைசி வரிசையில் தெளிவாக விழவில்லை என்றால் மட்டும் வலந்தலையில் 3,000 பக்கம் 2 டெசிபல் கொடுங்கள்.

இன்னொன்று. மண்டபம் முழங்குகிறது என்று மெயினில் (கூட்டத்துக்குப் போகும் ஸ்பீக்கர்களில்) 125-ஐயும் 200-ஐயும் பள்ளமாக இறக்கிவைக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதியின் உயரம். 1 கட்டையில் பாடும் ஆணின் ஷட்ஜமம் (ஸ) 131 ஹெர்ட்ஸ். 31 ஸ்லைடர் உள்ள கிராஃபிக் ஈக்யூவில் அது 125 ஸ்லைடரின் பிடியில் இருக்கிறது. அவருடைய பஞ்சமம் (ப) 196, அது 200-ன் பிடியில். 5 கட்டை, 5½ கட்டையில் பாடும் பெண்களின் ஷட்ஜமம் 196, 208. அதுவும் 200-ல்தான். அந்த இரண்டு ஸ்லைடரை இறக்கினால் கச்சேரியின் ஆதார சுருதியையே இறக்குகிறீர்கள். கச்சேரிக்கு முன்னால் "என்ன கட்டை?" என்று பாடகரிடம் கேட்டு, மேசையில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதை நான் நேரடியாகக் கற்றுக்கொண்டேன். பலகை மேடை, அடியில் காலி இடம். மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கரை, அதாவது மானிட்டரை, பலகை மேலேயே வைத்திருந்தேன். தொப்பியில் கை விழும்போதெல்லாம் மண்டபம் 'ம்ம்ம்' என்று முனகியது. மானிட்டரில் 125-ஐ 9 டெசிபல் இறக்கினேன், முனகல் நின்றது. ஆலாபனையின் நடுவில் பாடகர் தலையைச் சாய்த்து, பின்னால் இருந்த சிஷ்யரிடம் "சுருதிப்பெட்டி நின்னுடுச்சா?" என்று கேட்டார். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் மந்தர ஷட்ஜமம் மட்டும் அவர் காதுக்குப் போகவில்லை. இடைவேளையில் மானிட்டரைப் பலகையிலிருந்து இறக்கி மேடைக்கு முன்னால் தரையில் சாய்த்து வைத்தேன். தொப்பி மைக் ஸ்டாண்டின் அடியில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். 125-ல் 3 டெசிபல் இறக்கியதே போதுமானதாக இருந்தது. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின்போது வித்வான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கேள்வி: ஒரு வருடமாக சவுண்ட் சர்வீஸில் உதவியாளனாக இருக்கிறேன். மைக் ஊளையிட்டால் அண்ணன் சட்டென்று கிராஃபிக் ஈக்யூவில் ஒரு ஸ்லைடரை இறக்குகிறார், நின்றுவிடுகிறது. எந்த ஹெர்ட்ஸ் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது?
திண்டுக்கல்

பதில்: தம்பி, நம் உயிரெழுத்துகளே இதற்கு வழிகாட்டும். 'ஊ' என்று ஊளையிட்டால் 250 பக்கம். 'ஓ' என்றால் 500. 'ஆ' என்றால் 1,000. 'ஏ' என்றால் 2,000. 'ஈ' என்று கிழித்தால் 3,000-க்கும் 4,000-க்கும் இடையில். 'ஸ்' என்று சீறினால் 6,000-க்கு மேலே. இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனால் கை சரியான ஸ்லைடருக்கு அல்லது அதன் பக்கத்து ஸ்லைடருக்குப் போய்விடும். போனில் ஒற்றை ஒலி எழுப்பும் செயலி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். யாரையாவது மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, திரையைப் பார்க்காமல் எண்ணைச் சொல்லிப் பழகுங்கள். தினம் கால் மணி நேரம், இரண்டு மாதம். அண்ணனின் காது உங்களுக்கும் வந்துவிடும்.

ஆனால் ஊளை வந்த பிறகு அடக்குவது இரண்டாம்பட்சம். ஸ்பீக்கரில் வந்த ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து, ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்தால் அதுதான் ஊளை. அந்தச் சுற்றை மேடையிலேயே அறுக்கலாம். எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் நேராகக் காது மந்தம், ஆகவே மானிட்டர் அதன் நேர் பின்னால் இருக்க வேண்டும். பீட்டா58 போன்ற சூப்பர்கார்டியாய்டு அப்படி இல்லை. அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு, மந்தமான இடம் பின்னால் இரு பக்கமும் சாய்ந்து இருக்கிறது, முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரியில். அதற்கு மானிட்டரை ஓரமாகத் தள்ள வேண்டும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, "புது மைக் கத்துது" என்று சொல்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

பாடுகிறவர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எல்லாக் கணக்கும் போச்சு. பின்பக்கத் துவாரங்கள் மூடிக்கொள்ள, மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பித்துவிடும். மரியாதையாகப் போய்ச் சொல்லுங்கள், கேட்பார்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஊளை வருமுன் ஒலியை ஏற்ற உங்களுக்கு இருக்கும் இடம் 3 டெசிபல் குறையும். பட்டிமன்றத்தில் எட்டு மைக்கும் திறந்திருந்தால் 9 டெசிபல் போயிற்று. பேசாதவர் மைக்கை இறக்கிவையுங்கள்.

ஆட்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு மானிட்டரையும் மெல்ல ஏற்றி, முதலில் எங்கே முனகுகிறதோ அந்த ஸ்லைடரில் 3 டெசிபல் இறக்குங்கள். மறுபடி ஏற்றுங்கள், அடுத்ததை இறக்குங்கள். நாலைந்து ஸ்லைடரோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு ஈக்யூவில் இல்லை, மானிட்டர் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். மேடையில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. ஆபரேட்டரிடம் சொன்னால் "ஃபுல்லா குடுத்துட்டேன் மேடம்" என்கிறார். கத்திப் பாடி மறுநாள் தொண்டை கட்டிக்கொள்கிறது.
கோயம்புத்தூர்

பதில்: தொண்டை உங்கள் பிழைப்பு. அதனால் அடுத்த நிகழ்ச்சிக்கு முன் அவரிடம் கேட்க வேண்டியதை அப்படியே எழுதுகிறேன். "என் குரலை ஏற்றுங்கள்" என்று கேட்காதீர்கள். "என் மானிட்டரில் கீபோர்டையும் கித்தாரையும் பாதியாக இறக்குங்கள், டிரம்ஸை எடுத்தே விடுங்கள்" என்று கேளுங்கள். டிரம்ஸ் பத்தடியில் நேரடியாகவே காதில் விழுகிறது, மானிட்டரில் எதற்கு?

அப்புறம், கீபோர்டின் இடது கையும் கித்தாரின் தடித்த தந்திகளும் உங்கள் குரலின் உடம்பு இருக்கும் 200 முதல் 400 வரை உள்ள இடத்தில் குவிகின்றன. அந்த இரண்டு வாத்தியத்திலும் அங்கே 3 டெசிபல் இறக்கச் சொல்லுங்கள். கித்தாரில் 2,500 பக்கமும் கொஞ்சம். வார்த்தைகளைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகள் 2,000 முதல் 4,000 வரை வாழ்கின்றன, நம் காது மிகக் கூர்மையாக இருக்கிற இடமும் அதுதான். அங்கே உங்கள் குரலுக்கு வழிவிட்டால் ஃபேடரை (ஒலி அளவு ஸ்லைடரை) தொடாமலே நீங்கள் முன்னால் வந்து நிற்பீர்கள்.

உங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் பிடியுங்கள். நாலு விரலுக்குத் தள்ளினால் சுமார் 6 டெசிபல் போய்விடும். உச்சத்தில் மட்டும் தள்ளிப் பிடிப்பது நல்ல வழக்கம். பயத்தில் பாட்டு முழுக்கத் தள்ளிப் பிடித்தால் ஆபரேட்டர் கெயினை (மைக்கில் வரும் ஒலியின் பெருக்கத்தை) ஏற்றுவார், பின்னாலிருக்கும் டிரம்ஸும் உங்கள் மைக் வழியே ஏறிவரும்.

கேள்வி: நாகஸ்வரத்துக்கு மைக் அவசியமா?
திருவாரூர்

பதில்: வீதியில் நாலு தெருவுக்குக் கேட்கும்படி அமைந்த வாத்தியம். சின்ன மண்டபத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெரிய பந்தலில் வைத்தே ஆக வேண்டுமானால் அணசுக்குள் (குழலின் அடியில் விரியும் பகுதி) மைக்கைத் திணிக்காதீர்கள். ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. மூன்று நாலடி தள்ளி, குழல் முழுவதையும் பார்க்கும்படி ஒரு மைக். தவிலுக்குத் தனி மைக் வேண்டியதில்லை, இந்த ஒன்றிலேயே நிறைய வந்துவிடும்.

கேள்வி: திடலில் பட்டிமன்றம். கூட்டம் நீளமாக இருந்ததால் மேடையிலிருந்து 30 மீட்டரில் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் நிறுத்தினோம். அங்கே உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டதாகச் சொன்னார்கள். ஈக்யூவில் என்ன செய்தும் தீரவில்லை.
விருதுநகர்

பதில்: ஈக்யூவால் தீராது, இது நேரத்தின் கோளாறு. நம் ஊர் இரவு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர் போகிறது. மேடை ஸ்பீக்கரின் ஒலி 30 மீட்டரைக் கடக்க 86 மில்லிசெகண்ட் ஆகும். கம்பி வழியே போகும் ஒலி உடனே போய்விடுகிறது. பின்னாலிருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் பேசுகிறது, மேடை ஸ்பீக்கர் அதன் எதிரொலி போல வந்து சேர்கிறது.

பின் ஸ்பீக்கருக்குப் போகும் வரியில் 86 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) கொடுங்கள். அதன்மேல் இன்னும் 10 முதல் 15 வரை சேர்த்தால், மேடையின் ஒலி ஒரு நொடித்துளி முந்திக்கொள்ளும். காது முதலில் வந்த ஒலியின் திசையையே நம்பும், பேச்சு மேடையிலிருந்தே வருவது போலத் தோன்றும். மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். பின் ஸ்பீக்கர்களில் 150-க்குக் கீழே வெட்டிவிடுங்கள், தாழ்ந்த ஒலி மேடையிலிருந்தே வந்து சேர்ந்துவிடும். தூரத்தை அடியளந்து சொல்லாதீர்கள், டேப் வைத்து அளங்கள்.

கேள்வி: டிஜிட்டல் மிக்ஸரில் போன நிகழ்ச்சியின் சீனை (சேமித்து வைத்த அமைப்பை) அப்படியே ஏற்றி ஆரம்பிக்கலாமா?
தாம்பரம்

பதில்: மைக் பெயர்கள், இணைப்புகள், மானிட்டர் வரிசை எல்லாம் ஏற்றுங்கள், நேரம் மிச்சம். ஈக்யூவையும் கெயினையும் மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து புதிதாகத் தொடங்குங்கள். ஆளும் வேறு, மண்டபமும் வேறு. காலி மண்டபத்தில் ஓசை தெறிக்கும். முந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் உயர்ந்த ஒலிகளை அவர்கள் உடம்பும் துணியும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதல் பாட்டு முடிவதற்குள் மறுபடி ஒரு முறை திருத்த வேண்டியிருக்கும். அதை எதிர்பார்த்தே உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் திருவிழா மைக் செட் பத்தரை மணி வரை அலறுகிறது. சட்டம் என்ன சொல்கிறது? நீங்கள் மைக் செட்காரர்கள் பக்கம்தான் பேசுவீர்களோ?
மதுரை

பதில்: சட்டத்தின் பக்கம்தான் பேசுவேன். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் அங்கிருப்பவர்களுக்காக மட்டும் என்றால் விலக்கு உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் அளவு. ஒலிபெருக்கி வைத்திருக்கும் இடத்தின் எல்லையில் அந்த அளவுக்கு மேல் 10 வரை போகலாம், எப்படியும் 75-ஐத் தாண்டக் கூடாது.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலறல் பெரும்பாலும் வால்யூமால் மட்டும் வருவதில்லை. 2,500 முதல் 4,000 வரை ஏற்றிவைத்த ஈக்யூவாலும் வருகிறது. அதை இறக்கி, ஸ்பீக்கரைக் கூட்டத்தை நோக்கிக் கீழே சாய்த்தால் கூட்டத்துக்கும் தெளிவாகக் கேட்கும், மாடியில் தூங்கும் குழந்தையும் விழிக்காது. உங்கள் காதையும் பாருங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்று கணக்கு வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகிறது. 100-ல் கால் மணி நேரம்தான். மெல்லிசைக் கச்சேரியில் டிரம்ஸ் பக்கத்தில் நிற்கும் உதவியாளர் காதடைப்பான் இல்லாமல் நிற்கக் கூடாது.

கேள்வி: கீபோர்டைச் சொருகியதும் 'ஹம்' வருகிறது. பவர் பிளக்கில் பெரிய பின்னை எடுத்துவிட்டால் நிற்கிறது. அப்படியே ஓட்டலாமா?
நாகர்கோவில்

பதில்: கூடவே கூடாது. இன்றைக்கே அந்தப் பின்னைத் திரும்பப் போடுங்கள். அந்தப் பெரிய பின் எர்த். கருவிக்குள் கசியும் மின்சாரம் தரைக்குப் போகும் வழி அதுதான். அதை எடுத்துவிட்டால் கசிவு கீபோர்டு வாசிப்பவர் விரலில் காத்திருக்கும். அவர் இன்னொரு கையால் எர்த் உள்ள மைக்கைத் தொடும்போது அவர் உடம்பு வழியே போகும். ஒரு வெளியூர் நிகழ்ச்சியில் கித்தார் வாசித்த பையன் மைக்கில் உதடு வைத்ததும் பின்னால் சாய்ந்து விழுந்ததைப் பார்த்தவன் நான். நல்லவேளை பிழைத்துக்கொண்டான். அவன் ஆம்ப் பிளக்கிலும் பின் இல்லை.

உங்கள் ஹம் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் இரண்டு வழியில் எர்த் சேர்ந்து வளையம் ஆகியிருக்கிறது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு டி.ஐ. பாக்ஸ் (வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) வைத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். ஒலிக் கம்பியில் மட்டும் வளையம் அறுபடும், மின்சார எர்த் அப்படியே இருக்கும். மேடைக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். ஜெனரேட்டர் என்றால் எர்த் கம்பி ஈர மண்ணில் அடித்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பாடகர்கள் வருவதற்கு முன், கித்தார் தந்திக்கும் மைக்கின் வலைத்தலைக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்துவிடுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டாவிட்டால் யாரையும் மேடை ஏற விடாதீர்கள்.